வின்சர் என்னும் பெயர்: பிரித்தானிய முடியாட்சியின் குடும்பமும் பட்டங்களும் பற்றிய சில குறிப்புகள்

முடியாட்சி என்பது தொன்மைக் காலத்திலிருந்து முறிவின்றித் தொடர்ந்துவரும் ஒரு நிறுவனம் என்ற எண்ணம் பலரிடத்தும் உண்டு. பிரித்தானிய முடியாட்சியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் மிக ஆழமாக வேரூன்றியுள்ளது. பொன்முலாம் பூசிய வண்டி, கரடித்தோற் தொப்பியணிந்த காவலர், மார்பில் ஒளிரும் பதக்கங்கள், தேவாலயத் திருமணங்கள் ஆகியவற்றைக் காண்போர் அவை யாவும் ஆயிரமாண்டுப் பழமை வாய்ந்தவை என்றே கொள்வர். ஆயின் அவ்வரச குடும்பம் இன்று தாங்கிநிற்கும் பெயருக்கே நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுதான் உண்டு. 1917 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் கூடிய அந்தரங்க மன்றக் கூட்டத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், தமது இல்லமும் குடும்பமும் இனி ‘வின்சர்’ என்று அழைக்கப்படும் எனப் பிரகடனஞ் செய்தார். அன்றுவரை அது சாக்ஸ-கோபேக்-கோதா என்னும் ஜேர்மானியப் பெயருடைய வம்சமாகவே இருந்தது.

இப்பெயர் தேடப்பட்ட வகை சுவையானது. பழைய பெயரைக் களைவதெனில் முதலில் அது எதுவென அறியவேண்டுமல்லவா? மரபுச் சின்னங்களை ஆய்வோரிடம் வினவியபோது அவர்களாலேயே திட்டமாக விடையளிக்க முடியவில்லை. வெற்றின் என்பதாக இருக்கலாம், விப்பர் என்பதாகவும் இருக்கலாம் என்றனர். புதிய பெயருக்காகப் பிளான்ராஜனெற், யோர்க், லங்காஸ்ரர் முதலிய பழைய வம்சப் பெயர்கள் புரட்டிப் பார்க்கப்பட்டன. ஈற்றில் மன்னரின் அந்தரங்கச் செயலாளரான ஸ்ராம்போடம் பிரபு, மூன்றாம் எட்வேட் மன்னர் தாம் பிறந்த இடத்தாற் ‘வின்சர் எட்வேட்’ எனப் பெயர் பெற்றிருந்தமையைச் சுட்டி, கோட்டையின் பெயரையே குடும்பத்துக்குச் சூட்டலாம் என்றார். ஒரு கட்டடத்தின் பெயர் ஒரு வம்சத்தின் பெயராயிற்று.

இம்மாற்றம் ஏன் அவ்வாண்டிலே நிகழவேண்டியதாயிற்று? ஜேர்மனியுடன் போர் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. 1915 இலேயே பகைநாட்டு அரசரின் கொடிகள் காட்டர் வீரர் குழாத்தின் தேவாலயத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தன. எனினும் மன்னர் தமது பெயரை மாற்ற விரைந்தாரல்லர். 1917 யூன் 13 ஆம் நாள் ஜேர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசின. 162 பேர் மாண்டனர். பொப்லர்ப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையிற் பதினெட்டுப் பிள்ளைகள் இறந்தனர். அவ்விமானங்களின் பெயர் ‘கோதா’. மன்னரின் வம்சப் பெயரும் அதுவே.

ஆயினும் விமானத்தை மாத்திரம் காரணமாகக் காட்டுவது போதாது. அவ்வாண்டு மார்ச் மாதம் ரஷ்யாவிலே சார் ஆட்சி வீழ்ந்தது. ஏப்ரலில் எச். ஜி. வெல்ஸ் குடியரசுச் சங்கங்களை அமைக்கவேண்டுமெனப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். மன்னருக்கு வந்த கடிதங்களும் தொழிலாளரிடையே நிலவிய மனநிலை பற்றிய அறிக்கைகளும் அரண்மனையைக் கலங்கச் செய்தன. பதவியிழந்த நிக்கலஸ் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் ஒன்றுவிட்ட சகோதரர். இருவரின் தாய்மாரும் உடன்பிறந்தோர். அவருக்குப் புகலிடம் அளிக்கப் பிரித்தானிய அரசாங்கம் மார்ச்சில் இணங்கியது. ஏப்ரலில் அவ்விணக்கத்தைக் கைவிடுமாறு ஸ்ராம்போடம் வாயிலாக மீண்டும் மீண்டும் வற்புறுத்தியவர் மன்னரேயாவர். அடுத்த ஆண்டு யூலையிற் சாரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் எக்கத்தரின்பேக்கிற் கொல்லப்பட்டனர். பழி நெடுங்காலம் பிரதமர் லோயிட் ஜோர்ஜின் மீதே சுமத்தப்பட்டிருந்தது. 1983 இற் கெனத் றோஸ் எழுதிய ஐந்தாம் ஜோர்ஜின் வரலாறு வெளிவந்த பின்னரே மன்னரின் பங்கு பரவலாகத் தெரியவந்தது. குடும்ப பாசத்தின் உறைவிடமாகப் போற்றப்பட்ட ஓர் இல்லம், தன் நிலைபேற்றுக்கு ஊறு வருமெனக் கண்டபோது குடும்பத்தையே கைவிட்டது. இதனை அந்த மனிதரின் கொடுமை என்று கூறுவதிலும், ஒரு நிறுவனத்தின் தற்காப்பு என்று விளங்கிக்கொள்வதே பொருத்தம் என நாம் கருதுகின்றோம்.

அரச குடும்பம் மக்களுக்கு முன்மாதிரியான குடும்பம் என்ற கருத்தும் பழமையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலைமை நேர்மாறாக இருந்தது. மூன்றாம் ஜோர்ஜின் தம்பியான கம்பலாந்துக் கோமகன் 1771 இல் ஒரு விதவையை மன்னரறியாது மணந்தார். சினங்கொண்ட மன்னர் அடுத்த ஆண்டே அரச திருமணச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். இரண்டாம் ஜோர்ஜின் வழித்தோன்றல்கள் மன்னரின் இசைவின்றி மணம் புரிந்தால் அத்திருமணம் செல்லாது என்றது அச்சட்டம். இருபத்தைந்து வயதைக் கடந்தோர் அந்தரங்க மன்றத்துக்கு அறிவித்துவிட்டு ஓராண்டு காத்திருக்கவேண்டும். அதற்குள் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் மறுப்புத் தெரிவியாதிருத்தல் வேண்டும்.

சட்டம் எதை விளைத்தது? பட்டத்து இளவரசர் 1785 இற் கத்தோலிக்கப் பெண்ணான மரியா பிற்சேபேட்டை இரகசியமாக மணந்தார். சட்டத்தின் முன் அது திருமணமேயன்று. பின்னர் தம் பெருங் கடன்களைப் பாராளுமன்றம் தீர்த்துவைக்கும் என்ற எதிர்பார்ப்பில் 1795 இற் பிரன்ஸ்விக் கரலைனை மணந்தார். கிளாரன்ஸ் கோமகன் டொறதியா ஜோடன் என்னும் நடிகையுடன் வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். ஒருவருக்கேனும் முடியுரிமை இல்லை. 1817 நவம்பரில் இளவரசி சார்லற் மகப்பேற்றின்போது இறந்தபொழுது, மூன்றாம் ஜோர்ஜுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் உயிரோடிருந்தும் சட்டப்படியான பேரப்பிள்ளை ஒருவர்தானும் இருக்கவில்லை. உடனே நடுத்தர வயதினரான கோமக்கள் ஜேர்மன் இளவரசிகளைத் தேடி ஓடினர். கென்ற் கோமகன் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மோடு வாழ்ந்த சென் லோறன் அம்மையாரை விட்டு நீங்கி 1818 இல் மணம் புரிந்தார். அம்மணத்தின் பயனாக 1819 மே 24 இற் பிறந்தவரே விக்ரோறியா. ‘விக்ரோறியா ஒழுக்கம்’ எனப் பின்னர் ஒரு யுகத்துக்கே பெயராக அமைந்த அவரது பிறப்பு, இத்தகைய பேரங்களின் விளைவாகும். கைவிடப்பட்ட அப்பெண்மணியைப் பற்றி அரச வரலாறுகள் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன.

1820 இல் நான்காம் ஜோர்ஜ் தம் மனைவி கரலைனை விலக்குவதற்காகப் பிரபுக்கள் சபையில் மசோதாவொன்றைக் கொண்டுவந்தபோது லண்டன் மக்கள் அரசியின் பக்கம் நின்றனர். மசோதா கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்த முடிசூட்டு விழாவில், இரண்டு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட பொருட்செலவில் மன்னர் முடிசூடிக் கொண்டிருக்க, அவரது மனைவியின் முகத்துக்கு முன்னே வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயக் கதவு அடைக்கப்பட்டது. விழாக்களும் பழுதின்றி நடந்தனவல்ல. 1838 யூன் 28 இல் நடைபெற்ற விக்ரோறியாவின் முடிசூட்டு விழா ஒத்திகையின்றி நடந்தது. மோதிரம் பொருந்தாத விரலில் வலிந்து புகுத்தப்பட்டது. முதியவரான றோல் பிரபு வணக்கஞ் செலுத்த ஏறியபோது படிகளில் உருண்டு விழுந்தார். அரச சடங்குகளின் செம்மை, மன்னரின் உண்மையான அதிகாரம் குன்றிய பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றிலேயே உருவாக்கப்பட்டதென டேவிட் கனடைன் காட்டியுள்ளார். 1983 இல் ஹொப்ஸ்போமும் றேஞ்சரும் பதிப்பித்த ‘மரபின் புனைவு’ பற்றிய தொகுதியில் அவரது கட்டுரை இடம்பெற்றது.

விக்ரோறியாவும் அல்பேட்டும் கண்டது வேறொரு வழி. தொழிற்புரட்சியாற் செல்வமும் செல்வாக்கும் பெற்ற நடுத்தர வர்க்கத்தின் ஒழுக்க இலட்சியங்களை அரண்மனை தனதாக்கிக் கொண்டது. 1848 ஏப்ரலிற் சாசன இயக்கத்தினரின் பேரணிக்கு அஞ்சி அரச குடும்பம் லண்டனை விட்டு ஒஸ்போண் மாளிகைக்குச் சென்றிருந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் லண்டன் படப் பத்திரிகையொன்று, நத்தார் மரத்தைச் சூழத் தாயும் தந்தையும் பிள்ளைகளும் நிற்கும் அரச குடும்பப் படத்தை வெளியிட்டது. ஐரோப்பாவெங்கும் அரியணைகள் ஆடிய ஆண்டில் அப்படம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குட் புகுந்தது. வோல்ற்றர் பாஜொற் 1867 இல் எழுதிய ஆங்கில அரசியலமைப்பு நூலில், அரியணையில் ஒரு குடும்பம் அமர்ந்திருத்தல் ஆட்சி என்பதைச் சாதாரண வாழ்க்கையின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது என்ற கருத்தைக் கூறினார். ஆளும் வர்க்கத்தின் அறிஞர் ஒருவர் தம் வர்க்கத்தின் உபாயத்தை இத்துணை வெளிப்படையாகக் கூறியமைக்கு நாம் நன்றி பாராட்டவேண்டும்.

அல்பேட் 1861 இல் இறந்தபின் அரசி பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். ஆண்டொன்றுக்கு 385,000 பவுண் பெறும் அரசி எதற்காகப் பெறுகிறார் என்ற வினா எழுந்தது. பாரிஸ் கொம்யூன் தோன்றிய 1871 இற் குடியரசுக் கழகங்கள் பல இங்கிலாந்தில் இயங்கின. சார்ள்ஸ் பிறட்லோ நாத்திகத்தையும் குடியரசையும் ஒருங்கே போதித்தார். சார்ள்ஸ் டில்க் நியூகாசிலில் முடியாட்சியின் செலவைக் கண்டித்துப் பேசினார். டிசெம்பரிற் பட்டத்து இளவரசர் நெருப்புக் காய்ச்சலால் மரணப்படுக்கையில் வீழ்ந்து பிழைத்தெழுந்தார். 1872 பெப்ரவரி 27 இற் சென் போல் ஆலயத்தில் நன்றி வழிபாடு பெருவிழாவாக நடத்தப்பட்டது. அடுத்த மாதம் அரச செலவினங்களை ஆராயவேண்டுமென டில்க் கொண்டுவந்த பிரேரணையை எதிர்த்து 276 வாக்குகள். ஆதரித்து விழுந்தவை இரண்டே. ஒரு காய்ச்சலால் ஓர் இயக்கம் அழிந்தது என்பது மிகையாகும். அவ்வியக்கம் தொழிற்சங்கங்களிலே ஆழமாக வேரூன்றியிருக்கவில்லை என்பதே உண்மை. ஆயினும் நோயும் துயரும் கொண்ட ஒரு குடும்பம் என்ற படிமம் கணக்கு வினாவினும் வலியது என்பதை அரண்மனை அன்று கற்றுக்கொண்டது.

அதற்கு அடுத்த கட்டம் பேரரசு. 1876 இன் சட்டத்தால் விக்ரோறியா இந்தியாவின் பேரரசியானார். 1877 சனவரி முதலாம் நாள் டில்லியில் லிற்றன் பிரபு தர்பார் கூட்டி அதனை அறிவித்தார். அதே வேளையிற் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய பகுதிகளில் தாது வருடப் பஞ்சம் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனரென மதிப்பிடப்படுகிறது. பஞ்சத்தின் நடுவே சென்னை ஆளுநர் டில்லி விழாவுக்குச் சென்றிருந்தார். தமிழர் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் வெவ்வேறு அத்தியாயங்களில் எழுதும் வழக்கத்தைக் கைவிடுதல் நன்று.

மரபு ஆக்கத்தின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 1911 யூலை 13 இல் வேல்ஸ் நாட்டுக் காணாவன் கோட்டையில் நடந்த இளவரசர் பட்டமளிப்பாகும். தொன்மைச் சடங்கின் மீட்பு எனக் கூறப்பட்ட இவ்விழாவை முன்னின்று நடத்தியவர் அக்கோட்டையின் காவலர் பதவியை வகித்த நிதியமைச்சர் லோயிட் ஜோர்ஜ். வெண்பட்டுக் காற்சட்டையும் ஊதா மேலங்கியும் அணியவேண்டியதாயிற்றே என இளவரசரே கூசினார். வேல்ஸ் அப்போது எத்தகைய நாடாக இருந்தது? றொண்டாப் பள்ளத்தாக்கிற் சுரங்கத் தொழிலாளர் 1910 முதல் வேலைநிறுத்தஞ் செய்துகொண்டிருந்தனர். மேர்தர் தொகுதியின் உறுப்பினரான கியர் ஹாடி விழாவை எதிர்த்தார். விழா முடிந்து ஆறு வாரங்கள் ஆகுமுன், ஓகஸ்ற் 19 இல், லனெல்லியில் நிகழ்ந்த புகையிரத வேலைநிறுத்தத்தின்போது படையினர் இருவரைச் சுட்டுக் கொன்றனர்.

இனி 1917 க்கு மீள்வோம். பெயர் மாற்றம் தனித்து நிகழ்ந்ததன்று. அவ்வாண்டில் எடுக்கப்பட்ட ஏனைய முடிவுகளோடு சேர்த்து நோக்கும்போதே அதன் பொருள் விளங்கும். பற்றன்பேக் குடும்பம் மவுண்ட்பற்றன் ஆயிற்று. இளவரசர் என்ற பட்டம் மன்னரின் பிள்ளைகளுக்கும் ஆண்வழிப் பேரப்பிள்ளைகளுக்குமே பெரும்பாலும் உரியதென நவம்பரில் வரையறுக்கப்பட்டது. பகைவர் பக்கம் நின்ற உறவினரின் பிரபுப் பட்டங்களைப் பறிக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 1919 இல் அல்பனி, கம்பலாந்துக் கோமக்கள் அவற்றை இழந்தனர். யாவற்றினும் முக்கியமானது, பிள்ளைகள் இனிப் பிரித்தானியக் குடும்பங்களில் மணம் புரியலாம் என்ற முடிவு. ஐரோப்பிய அரச குலங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்துவந்த குலம், ஒரு நாட்டின் குடும்பமாக மாறத் தொடங்கியது. 1922 இல் மேரி இளவரசி லசெல்ஸ் பிரபுவையும், 1923 ஏப்ரல் 26 இல் யோர்க் கோமகன் எலிசபெத் போஸ்-லயனையும் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் மணந்தனர். விக்ரோறியா காலத்து அரச திருமணங்கள் பெரும்பாலும் அரண்மனைச் சிற்றாலயங்களிலோ வின்சரிலோ நடந்தன. வீதியில் நின்று மக்கள் பார்த்து மகிழும் அரச திருமணம் என்னும் ‘பண்டைய மரபு’ முதலாம் உலகப் போருக்குப் பிற்பட்டதாகும்.

ஒஸ்திரியாவோடு ஒப்பிடுவோம். ஹப்ஸ்பேக் வம்சத்துப் பிரான்ஸ் பேடினன்ட், குலத்தகுதி குறைந்தவரெனக் கருதப்பட்ட சோபி சொற்றெக்கை மணப்பதற்காக, தம் பிள்ளைகளுக்கு முடியுரிமை இல்லையென 1900 யூன் 28 இற் சத்தியஞ் செய்யவேண்டியிருந்தது. 1914 இல் அதே நாளில் இருவரும் சரஜேவோவிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அஞ்சலியின்போதும் சோபியின் பேழை கணவரின் பேழையினும் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டது. உயிர்போன பின்னும் படிநிலையை விட்டுக்கொடாத அவ்வம்சம் நான்கு ஆண்டுகளில் முடியிழந்தது. வளையத் தெரிந்த வின்சர் பிழைத்தது.

1917 யூன் 4 இல் நிறுவப்பட்ட பிரித்தானியப் பேரரசு விருது இவ்வளைவின் மறுபாதி. அதற்கு முன்னிருந்த விருதுக் குழாங்கள் குறுகிய வட்டத்தினருக்கே உரியனவாய் இருந்தன. 1348 ஆம் ஆண்டளவிற் தோன்றிய காட்டர் உயர் பிரபுக்களுக்கு உரியது; 1725 இல் நிறுவிய பாத் விருதை வல்போல் தம் அரசியற் சகாக்களைப் பிணிக்கப் பயன்படுத்தினார்; 1818 இன் சென் மைக்கல், சென் ஜோர்ஜ் விருது மோல்ற்றாவையும் அயோனியத் தீவுகளையும் கருதித் தோன்றிப் பின்னர் குடியேற்றநாட்டு அலுவலரின் விருதாயிற்று; 1861 இல் இந்திய நட்சத்திரம்; 1896 இல் அரசி தாமே வழங்கும் விக்ரோறிய விருது. புதிய விருதோ ஐந்து படிகளைக் கொண்டது, பெண்களுக்கும் உரியது, தொழிற்சாலை நிருவாகி, தாதி, நகரசபையினர், தொழிற்சங்க அலுவலர் எனப் பலரும் அதனைப் பெற்றனர். சில ஆண்டுகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதற்குள் சேர்க்கப்பட்டனர். போரால் அரசியல் விழிப்புப் பெற்ற வர்க்கங்களை மன்னரின் மரியாதை வட்டத்துக்குட் கொணரும் ஏற்பாடு இது. அதனைக் கண்டு மறுத்த தொழிற்சங்கத்தினரும் இருந்தனர்.

பட்டங்களின் விலைப்பட்டியலும் இக்காலத்திலேயே வெளியாயிற்று. லோயிட் ஜோர்ஜ் ஆட்சியில் ‘சேர்’ பட்டத்துக்கு ஏறத்தாழ 10,000 பவுண், வழிவழிப் பறனெற் பட்டத்துக்கு 30,000 பவுணுக்கு மேல் எனத் தரகர் பேசினர். 1922 இற் தென்னாபிரிக்கச் சுரங்க முதலாளி ஜோசப் றொபின்சனுக்குப் பிரபுப் பட்டம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் அவரே அதனை ஏலாது விட்டார். 1925 இற் தடைச் சட்டம் வந்தது. அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டவர் மோண்டி கிறகறி என்ற தரகர் ஒருவரே. 1933 இல் அவருக்கு இரண்டு மாதச் சிறையும் 50 பவுண் குற்றப்பணமும் கிடைத்தன. வாங்கியவர் எவரும் பட்டத்தை இழக்கவில்லை.

இலங்கையிலும் இவ்வலை விரிக்கப்பட்டிருந்தமை நாம் அறிந்ததே. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகிய சகோதரர் இருவரும் ‘சேர்’ பட்டம் பெற்றோர். குடியேற்ற ஆட்சியை விமர்சித்தோரும் அதன் பட்டத்தை ஏற்றனர் என்பதைத் தனிமனிதர் குறையாகக் கொள்ளாது, மேற்தட்டு வர்க்கம் ஆட்சியோடு கொண்டிருந்த உறவின் வெளிப்பாடாகக் கொள்ளவேண்டும். மகா முதலியார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்காவின் மகன் தலைமையில் 1956 இல் அமைந்த அரசாங்கமே இப்பட்டங்களைப் பெறும் வழக்கத்தை நிறுத்தியது. ஆயினும் எலிசபெத் 1972 மே 22 வரை இலங்கையின் அரசியாக விளங்கினார்.

1932 நத்தாரன்று ஐந்தாம் ஜோர்ஜ் முதன்முறையாக வானொலியிற் தம் பேரரசுக் ‘குடும்பத்துக்கு’ உரையாற்றினார். உரையை எழுதிக் கொடுத்தவர் கிப்ளிங். அப்போது பிரித்தானியாவில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் வேலையற்றிருந்தனர். மூன்று ஆண்டுகளின்பின் மன்னரின் மரணமும் ஒரு நிகழ்ச்சியாக ஒழுங்கு செய்யப்பட்டது. 1936 சனவரி 20 இரவு, செய்தி மாலைப் பத்திரிகைகளில் அல்லாது காலையில் வெளியாகும் ‘ரைம்ஸ்’ பத்திரிகையில் முதலில் வெளிவரவேண்டுமென்பதும் ஒரு காரணமாக, மருத்துவர் டோசன் பிரபு மோபியாவும் கொக்கெயினும் ஏற்றி முடிவை விரைவுபடுத்தினார். அவரது குறிப்புகளால் இவ்வுண்மை 1986 இல் வெளியாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் எட்டாம் எட்வேட் மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணக்கவெனப் பதவி துறந்தார். மனைவிக்கு அரசி என்னும் தகுதியில்லாத திருமணம் ஒன்றுக்கு அவர் கேட்ட இசைவையும் அமைச்சரவை மறுத்தது. குடும்பத்தையே தன் நியாயமாகக் கொண்டுவிட்ட முடியாட்சியால் குடும்ப ஒழுக்கத்தை மீறிய மன்னரைத் தாங்க முடியவில்லை.

மக்கள் ஏமாற்றப்பட்டனர் என்று கூறி விடயத்தை முடித்துவிடுதல் எளிது. முற்போக்காளர் பலர் அவ்வாறே எழுதியுமுள்ளனர். அது போதிய விளக்கமன்று. 1953 முடிசூட்டு விழாவைப் பற்றி ஷில்ஸும் யங்கும் அது சமூகத்தின் பொது ஒழுக்க விழுமியங்களின் புனித உறுதிப்பாடு என எழுதினர். வர்க்க முரண்பாட்டை அவர்கள் காணத் தவறினர் என 1955 இற் பேண்பாம் மறுத்தெழுதினார். நாம் பேண்பாமின் பக்கமே சார்வோம். எனினும் வீதியில் மேசையிட்டு அயலவரோடு உண்டு மகிழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் அவ்விழாவிற் தமக்கென எதைக் கண்டன என்ற வினாவை அவர் தீர்த்துவிட்டார் எனக் கூறமுடியாது. போரும் பங்கீட்டு உணவும் சலித்துப்போன மக்களுக்கு ஒரு விடுமுறை நாளும் அண்டை வீட்டாரின் கூட்டுறவும் அரசியைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம்.

1772 இன் திருமணச் சட்டம் 2013 இன் முடியுரிமைச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2015 முதல் முடியுரிமை வரிசையில் முதல் ஆறு பேருக்கே மன்னரின் இசைவு வேண்டும். 1917 இன் விருதோ மாறவில்லை. 2003 இல் கறுப்பினக் கவிஞர் பெஞ்சமின் செப்பனாயா ‘பேரரசு’ என்னும் சொல்லையே காரணங்காட்டி அதனை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு பொதுச்சபைக் குழுவொன்று அச்சொல்லை நீக்குமாறு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை. ஆண்டுதோறும் புத்தாண்டிலும் மன்னரின் பிறந்தநாளிலும், இல்லாத பேரரசொன்றின் பெயரால் அவ்விருது இன்றும் வழங்கப்பட்டு வருகின்றது.